மலையிறங்கிய பிறகு

அன்புள்ள ஐயா,

போன மாதம் நண்பர்களோடு கொடைக்கானல் போனபோது போதைக் காளான் சாப்பிட்டேன். நான்கைந்து மணி நேரம் ‘நான்’ என்ற ஒன்றே இல்லை. மரம், மேகம், நான் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. மூன்று வருடமாகத் தியானம் செய்கிறேன், இதில் கால்வாசிகூட வாய்த்ததில்லை. குறுக்குவழி இருக்கும்போது சுற்றிப் போவானேன்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கண்டது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலையிறங்கி வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆயிற்று? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

ஹார்வர்டில் உளவியல் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் ஆல்பர்ட்டை இந்தக் கேள்விதான் பாடாய்ப் படுத்தியது. 1961இல் அவர் சைலோசைபின் சாப்பிட்டார். உங்கள் காளானில் வேலை செய்ததும் அதுதான். அவரும் தான் கரைந்துபோவதைக் கண்டார். அப்புறம் ஒவ்வொரு தடவையும் இறங்க வேண்டியிருந்தது. இறங்காமலே இருந்துவிட முடியுமா என்று பார்க்க, ஐந்து பேரோடு ஒரு வீட்டில் மூன்று வாரம் அடைந்து கிடந்தார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்எஸ்டி என்ற போதைப்பொருள். வெளியே வந்த சில நாட்களில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். சொர்க்கத்துக்குள் போவதும் வெளியே தள்ளப்படுவதுமாகவே இருந்து கடைசியில் கடும் மனச்சோர்வு வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். 1967இல் இந்தியா வந்து நீம் கரோலி பாபா என்ற குருவைச் சந்தித்து, ராம் தாஸ் என்ற பெயரும் பெற்றார்.

எனக்கு அவருடைய தரிசனங்களைவிட அதற்குப் பிந்தைய காலம்தான் பெரிதாகப் படுகிறது. 1978இல் நண்பர்களோடு சேர்ந்து, பார்வையிழந்தவர்களுக்காகச் சேவா அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்தப் பணியில் உடன் நின்றவர் நம் மதுரை டாக்டர் வெங்கடசாமி. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். கத்தியைப் பிடிக்க அந்த விரல்களைப் பழக்கிப் பழக்கி, லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். ஓய்வு பெற்ற பிறகு, 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். அரவிந்தரின் யோகத்தை நம்பியவர். தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போவதும் அவருக்கு அந்த யோகம்தான். அகவளர்ச்சி என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த விரல்கள்தான் ஞாபகம் வருகின்றன.

சரி, ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்திருந்தால் இந்தக் காளான் பெரிய ஆபத்து. அது சட்டப்படி குற்றமும்கூட. தயவுசெய்து மறுபடி அதன் பக்கம் போகாதீர்கள்.

இந்த மூன்று வருடத் தியானத்தில் உங்களிடம் என்ன மாறியிருக்கிறது என்று வீட்டில் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.