மடியில் டேப்லெட்டா, பேனலில் பெட்டியா? விமானி பதில்கள்

போன இதழில் ஹட்சன் நதியின் மேல் சின்ன விமானத்தில் பறந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நதியைப் பற்றிக் கேட்கவே இல்லை, ஓரமாகச் சொல்லிவிட்டுப் போன மூவிங் மேப் ஜிபிஎஸ்ஸைத்தான் (நாம் நகர நகர இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் கருவி) பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சரி, இந்த மாதம் முழுக்க அதுவே.

சார், கால்டுவெல்லில் செஸ்னா 172 வாடகைக்கு எடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன், 35 மணி நேரம் ஆகிறது. இன்ஸ்ட்ரக்டர் ஐபேட் வாங்கச் சொல்கிறார். கிளப்பில் சொந்த விமானம் வைத்திருக்கும் ஒரு பெரியவர், விமானத்துக்கென்றே செய்த ஜிபிஎஸ்தான் நம்பகம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- எடிசன் வாசகர், நியூ ஜெர்சி

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், அவரவர் விமானத்தை மனதில் வைத்து. பெரியவருக்குச் சொந்த விமானம். விமானத்துக்கென்றே கார்மின் கம்பெனி செய்த ஏரா 660ஐயோ 760ஐயோ நிரந்தரமாக மாட்டி, விமானத்தின் கரண்டிலேயே வயர் இழுத்துக் கொடுத்துவிட்டால் சாவியைத் திருப்பியதும் அது தானே ஆன் ஆகும். வெயிலில் தெளிவாகத் தெரியும், சூட்டைத் தாங்கும், நடுவில் யாரும் வாட்ஸாப் அனுப்பி எரிச்சல் படுத்த மாட்டார்கள். உங்களுக்கோ இந்த வாரம் ஒரு விமானம், அடுத்த வாரம் இன்னொன்று. ஒன்றில் பேனலிலேயே நல்ல ஜிபிஎஸ் இருக்கும், இன்னொன்றில் 1998ல் வந்த ஜிஎன்எஸ் 430 பொடித் திரையோடு உட்கார்ந்திருக்கும், மூன்றாவதில் சிகரெட் லைட்டர் ஓட்டை கூட வேலை செய்யாது. கையோடு எடுத்துப் போவதுதான் உங்களுக்குத் துணை. அதனால் உங்கள் விஷயத்தில் நான் இன்ஸ்ட்ரக்டர் பக்கம். ஐபேட் மினி வாங்குங்கள், பெரியது வேண்டாம். 172இன் காக்பிட்டில் பெரிய ஐபேட் மடியில் இருந்தால் யோக்கை (விமானத்தின் ஸ்டீயரிங்) முழுதாக இழுக்கும்போது தட்டும், அதுவும் தரையிறங்கும் கடைசி நொடியில்.

ஆனால் வாங்கும் முன்பு ஒரு சோதனை. நண்பர் யாராவது ஓட்டட்டும், நீங்கள் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்ளுங்கள். மதியம் இரண்டு மணி வெயிலில், குழியும் மேடுமான ஒரு சாலையில், கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு, ஒரே கையால் பக்கத்து ஏர்போர்ட்டைத் தேடி அதற்கு நேர்வழி போடுங்கள், அங்கே ரன்வே எவ்வளவு நீளம், டவர் அலைவரிசை என்ன என்று கண்டுபிடியுங்கள். பத்து நொடிக்கு மேல் தலை குனிந்திருந்தால் அந்தக் கருவியோ அந்த ஆப்போ உங்களுக்குச் சரிப்படாது, அல்லது நீங்கள் இன்னும் அதைப் படிக்கவில்லை. கூலிங் கிளாஸ் என்று சும்மா சொல்லவில்லை. போலரைஸ்டு கண்ணாடி போட்டால் சில திரைகள் ஒரு கோணத்தில் முழுக்கக் கறுத்துவிடும். நான் அதைக் கண்டுபிடித்த இடம் 2,500 அடி.

மாட்டும் இடத்தையும் யோசியுங்கள். கண்ணாடியில் ஒட்டும் சக்‌ஷன் மவுண்ட் எல்லாருக்கும் பிடிக்கிறது, ஆனால் சூரியன் நேராக அடிக்கும் இடம் அதுதான். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் வெப்ப எல்லை 35 டிகிரி செல்சியஸ். ஜூலை மாதம் தரையில் இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கும் காக்பிட் அதைத் தாண்ட ரொம்ப நேரம் ஆகாது. ஒரு தடவை என் டேப்லெட் 'சூடாகிவிட்டேன், ஆறவிடு' என்று செய்தி போட்டுவிட்டு அணைந்துபோனது. கீழே நியூ ஜெர்சி நெடுஞ்சாலைகள் நூல்கண்டு அவிழ்ந்த மாதிரி, மேலே அனுமதி இல்லாமல் நுழையக் கூடாத நியூயார்க்கின் பி வகுப்பு வான்வெளி, மடியில் நாலாக மடித்த காகித வரைபடம். அன்றிலிருந்து டேப்லெட் யோக்கில், நிழலில். இன்னொன்று, டேப்லெட்டிலும் அதன் உறையிலும் காந்தம் இருக்கும், காம்பஸுக்குப் பக்கத்தில் மாட்டினால் முள் தடம் மாறும். மாட்டிய பிறகு யோக்கை எல்லாப் பக்கமும் கடைசி வரை இழுத்துத் திருப்பிப் பாருங்கள், தரையில்.

ஆப் விஷயத்தில் நான் சண்டைக்கு வரவில்லை. ஃபோர்ஃபிளைட்டுக்கு ஆப்பிள்தான் வேண்டும். கார்மின் பைலட் ஆண்ட்ராய்டிலும் ஓடும். எஃப்எல்டிபிளான் கோ இலவசம். உங்கள் இன்ஸ்ட்ரக்டர் எதை வைத்திருக்கிறாரோ அதையே வாங்குங்கள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆள் கிடைப்பது எந்த வசதியையும் விடப் பெரிது.

அவசரப்பட்டு வைஃபை ஐபேட் வாங்கிவிட்டேன். காரில் வைத்துப் பார்த்தால் விமானத்தின் இடம் நகரவே மாட்டேன் என்கிறது. பழுதா?
- ஹூஸ்டன் வாசகி

பழுது இல்லை. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சில்லே கிடையாது, செல்லுலார் மாடலில்தான் வைக்கிறார்கள். செல்லுலாரை வாங்கியிருந்தால் சிம் போட வேண்டிய அவசியம்கூட இல்லை, மாதக் கட்டணம் இல்லாமலே ஜிபிஎஸ் வேலை செய்யும். திருப்பிக் கொடுக்க நாள் இருந்தால் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ப்ளூடூத்தில் சேரும் தனி ஜிபிஎஸ் ரிசீவர் வாங்குங்கள். அல்லது கொஞ்சம் கூடப் போட்டு ஏடிஎஸ்பி (விமானங்களும் தரை நிலையங்களும் ரேடியோவில் அனுப்பும் தகவல்) ரிசீவராகவே வாங்கிவிட்டால் இடமும் தெரியும், மற்ற விமானங்களும் வானிலையும் தெரியும். வாங்கும் முன்பு அந்த ரிசீவர் உங்கள் ஆப்போடு பேசுமா என்று பாருங்கள். இந்தக் கம்பெனிப் பெட்டி அந்தக் கம்பெனி ஆப்போடு பேசாது என்கிற பங்காளிச் சண்டை இதிலும் உண்டு.

தெரிந்தவர் ஒருவர் பழைய கார்மின் 396ஐ அடிமாட்டு விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
- ஒஹாயோ வாசகர்

அது 2005ல் வந்தபோது பெரிய விஷயம், கையில் எடுத்துப் போகும் கருவியில் சாட்டிலைட் ரேடியோ வழியாக வானிலை ரேடாரைக் காட்டியது. இன்று வாங்கும் முன்பு மூன்று கேள்வி கேளுங்கள். டேட்டாபேஸ் இன்னும் புதுப்பிக்கக் கிடைக்கிறதா? 28 நாளுக்கு ஒருமுறை விமான நிலையம், அலைவரிசை, வான்வெளித் தகவல்கள் மாறும், பழைய எல்லைக்கோட்டை நம்பிப் போனால் அபராதக் கடிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும். பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது? தேதி சரியாகக் காட்டுகிறதா? மூன்றாவது விளையாட்டாகத் தோன்றலாம். ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்குப் போகும், கடைசியாக 2019 ஏப்ரல் 6 அன்று போனது, அதைச் சமாளிக்கத் தெரியாத பழைய கருவிகள் இருபது வருடம் பின்னால் போய் நிற்கும். மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் வாங்கி இரண்டாவது துணையாகப் பைக்குள் வையுங்கள். முதல் கருவியாக வேண்டாம்.

ஆல்டிமீட்டர் ஒரு உயரம் காட்டுகிறது, ஐபேட் வேறொன்று காட்டுகிறது, நூறு இருநூறு அடி வித்தியாசம். வான்வெளி எல்லைக்கு எதைப் பார்ப்பது?
- பென்சில்வேனியா வாசகர்

ஆல்டிமீட்டரை. இதை ஏன் யாரும் முதல் நாளே சொல்லித்தருவதில்லை என்று எனக்கு ஆற்றாமை உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆல்டிமீட்டர் காற்றழுத்தத்தை அளந்து உயரமாக மாற்றிக் காட்டுகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து கணக்குப் போட்டு நிஜமான உயரத்தைச் சொல்கிறது. நிஜம்தானே மேல் என்று தோன்றும். ஆனால் வான்வெளியின் எல்லைகளைக் கிழித்திருப்பது ஆல்டிமீட்டர் கணக்கில், வானத்தில் எல்லாரும் பறப்பதும் அதே கணக்கில், கட்டுப்பாட்டாளர் திரையில் உங்களைப் பார்ப்பதும் அதில்தான். குளிர்ந்த காற்று சுருங்கும், சூடான காற்று விரியும். வழக்கமான வெப்பநிலையை விட (கடல் மட்டத்தில் 15 டிகிரி என்பது கணக்கு) கூடும் அல்லது குறையும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் கிட்டத்தட்ட நாலு சதவீதம் வித்தியாசம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஜனவரி மாதம், தரையில் மைனஸ் 5, அதாவது இருபது டிகிரி குறைவு. உங்கள் தலைக்கு மேல் பி வகுப்பு 3,000 அடியில் தொடங்குகிறது. நீங்கள் ஐபேடைப் பார்த்து 2,900 என்று நிம்மதியாகப் போகிறீர்கள். அந்த நேரத்தில் ஆல்டிமீட்டர் 3,100ஐத் தாண்டியிருக்கும். அனுமதி கேட்காமல் உள்ளே நுழைந்துவிட்டீர்கள், படத்தில் மட்டும் வெளியே இருக்கிறீர்கள். கோடையில் இது தலைகீழ், ஜிபிஎஸ் அதிகமாகக் காட்டும், நீங்கள் பயந்து தேவையில்லாமல் கீழே இறங்குவீர்கள், அங்கே கோபுரமும் மலையும் இருக்கும். ஆகவே திரையில் பக்கவாட்டுக் கோட்டைப் பாருங்கள், உயரத்துக்கு ஆல்டிமீட்டர். பக்கவாட்டிலும் கோட்டை ஒட்டிப் போகாதீர்கள், ஒரு மைல் விட்டுப் போங்கள்.

ஏடிஎஸ்பியில் மழை ரேடார் படம் வண்ணம் வண்ணமாக வருகிறது. இரண்டு சிவப்புக்கு நடுவில் பச்சை இடைவெளி இருந்தால் அதில் புகுந்து போகலாமா?
- ஃபுளோரிடா வாசகர்

கூடவே கூடாது. நீங்கள் பார்ப்பது நேரலை இல்லை. பல ரேடார்களின் படங்களைச் சேர்த்துத் தைத்து அனுப்புகிறார்கள், திரையில் 'ஒரு நிமிடத்துக்கு முன்' என்று இருப்பது தைத்து முடித்த நேரம்தான், படம் எடுத்த நேரம் இல்லை. படம் அதைவிட 15, 20 நிமிடம் பழையதாக இருக்கலாம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012லேயே எச்சரித்திருக்கிறது. விமானிகள் இறந்த விபத்துகளை விசாரித்த பிறகு வந்த எச்சரிக்கை அது. 40 நாட் (மணிக்கு 40 கடல் மைல்) வேகத்தில் நகரும் புயல் கால் மணி நேரத்தில் பத்து கடல் மைல் போய்விடும், உங்கள் பச்சை இடைவெளி இருந்த இடத்தில் இப்போது அதன் வயிறு இருக்கும். புறப்படுவதா வேண்டாமா, வடக்கே சுற்றுவதா தெற்கே சுற்றுவதா என்று முடிவெடுக்க அந்தப் படம் அருமையானது. பலமான இடிமேகத்துக்கு இருபது மைல் தள்ளியே போங்கள்.

ஐஎஃப்ஆர் (வெளியே தெரியாதபோது கருவிகளைப் பார்த்தே பறப்பது) பயிற்சி தொடங்கப்போகிறேன். ஐபேடே போதுமா?
- அட்லாண்டா வாசகி

மேகத்துக்குள் வழி நடத்த எஃப்ஏஏவின் (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) தரச்சான்று பெற்று விமானத்தில் பொருத்திய ஜிபிஎஸ்தான் கணக்கில் வரும். ஐபேட் சார்ட் படிக்க, எங்கே இருக்கிறோம் என்று பார்க்க. வாடகை விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பேனலில் இருப்பது வாஸ் (ஜிபிஎஸ்ஸின் பிழையைத் திருத்தும் அமைப்பு) வசதி உள்ளதா என்று கேளுங்கள். செங்குத்து வழிகாட்டலோடு இறங்க அது வேண்டும். எந்த மாடலோ அதன் சிமுலேட்டரை வீட்டில் ஓட்டிப் பழகுங்கள், மணிக்கு இத்தனை டாலர் கொடுத்துக் காற்றில் பொத்தான் தேடாதீர்கள்.

என் மகன் பறக்கக் கற்கிறான். முழுக்க முழுக்க அந்தத் திரையைத்தான் பார்க்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.
- சிகாகோவிலிருந்து ஒரு தாய்

அம்மா, பயம் நியாயம்தான். இளைஞர்கள் மட்டுமில்லை, நாங்களும் அப்படித்தான் குனிகிறோம். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஜிபிஎஸ் துல்லியமானதால் ஒரே இரண்டு ஊருக்கு நடுவே போகிற எல்லாரும் ஒரே கோட்டின் மேல், அச்சு அசலாக ஒரே இடத்தில் பறக்கிறார்கள், எதிரெதிராகவும். நான் கோட்டுக்கு அரை மைல் வலப்பக்கம் தள்ளிப் போவேன். ஏடிஎஸ்பி எதிரே வருகிற விமானத்தைக் காட்டுமே என்பான் உங்கள் மகன். எல்லா விமானத்திலும் அது இல்லை என்று சொல்லுங்கள். பிறகு அவன் இன்ஸ்ட்ரக்டரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: வழியில் எங்காவது, முன்னறிவிப்பு இல்லாமல், டேப்லெட்டைப் பிடுங்கிப் பின் சீட்டில் போட்டுவிட்டு 'இப்போது எங்கே இருக்கிறோம்?' என்று கேட்கச் சொல்லுங்கள். என் இன்ஸ்ட்ரக்டர் கேட்டார். நான் தப்பான ஏரியைக் காட்டினேன்.

விடுமுறையில் ஊருக்குப் போய் அங்கே ஃபிளையிங் கிளப்பில் பறக்க ஆசை. இங்கே வாங்கிய கருவிகளை எடுத்துப் போகலாமா?
- கலிஃபோர்னியா வாசகர், கோயம்புத்தூர்க்காரர்

முதலில் பையைத் திறந்து பாருங்கள். இன்ரீச் மாதிரி சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இருந்தால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே கைதாகியிருக்கிறார்கள். ஏடிஎஸ்பி வழியே இலவசமாக வரும் ரேடார் படம் அமெரிக்கச் சேவை, அங்கே கிடைக்காது. வாஸுக்குப் பதில் அங்கே இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த ககன் இருக்கிறது. மற்றபடி எந்தக் கருவிக்கு அனுமதி, எந்த வரைபடம் செல்லும் என்பதை டிக்கெட் போடும் முன்பே கிளப்புக்கு எழுதிக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். போலரைஸ்டு இல்லாத கூலிங் கிளாஸ் ஒன்றும் எடுத்துப் போங்கள், கோவை வெயில் உங்களுக்கு மறந்திருக்கும்.