கேம் விளையாட எந்தப் புரொசெசர்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி (கொக்குவில் வாசகர்): ரைசன் 5 3600ஐக் கழற்றிவிட்டு 5600 போட்டேன். யூடியூபில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் காட்டினார்கள். எனக்கு சைபர்பங்க் 2077 கேமில் பிரேம் (விநாடிக்குத் திரையில் வரும் படங்கள்) ஒன்றுகூடக் கூடவில்லை. கிராபிக்ஸ் கார்ட் ஜிடிஎக்ஸ் 1660 சுப்பர், மொனிற்றர் 1080பி. கடையில் தந்தது நல்ல புரொசெசர்தானா?

பதில்: நல்லதுதான். உங்கள் கார்ட் அதற்கு இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு பிரேமிலும் இரண்டு வேலை நடக்கிறது. யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பட்டது, எதை வரைய வேண்டும் என்று புரொசெசர் கணக்குப் பார்க்கும். அதைக் கார்ட் வரையும். இரண்டில் எது பிந்துகிறதோ அதுதான் பிரேம் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். யூடியூபில் ஒப்பிடுபவர்கள் மிக வலுவான கார்டைப் போட்டு, ரெசல்யூஷனை (படத்தின் புள்ளி எண்ணிக்கையை) குறைத்துவிட்டுத்தான் சோதிப்பார்கள். புரொசெசர்களுக்கு இடையிலான வித்தியாசம் வெளியே தெரிய வேண்டும் என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும். அந்த எண்களை உங்கள் 1660 சுப்பரிடம் எதிர்பார்க்க முடியாது.

நீங்களே பார்க்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் என்ற மென்பொருளையும் அதோடு வரும் ரிவாரியூனரையும் போட்டு, ஜிபியு (கார்டின் சிப்) பாவனையைத் திரையில் காட்ட வையுங்கள். பிரேம் வரம்பையும் வி-சிங்கையும் (பிரேமை மொனிற்றரின் வேகத்துக்குக் கட்டிவைப்பது) நிறுத்திவிட்டு விளையாடுங்கள். ஜிபியு 97, 98 சதவீதத்தில் நின்றால் கார்ட்தான் தடை. 80க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் புரொசெசர். பிறகு ரெசல்யூஷனை 720பிக்குக் குறையுங்கள். பிரேம் நன்றாகக் கூடினால் கார்ட்தான் பிடித்து வைத்திருந்தது, கூடாவிட்டால் புரொசெசர்.

பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. "புரொசெசர் 35 சதவீதம்தானே ஓடுகிறது, அது எப்படித் தடையாகும்?" என்று கேட்பார்கள். 5600க்கு 12 திரெட், அதாவது ஒரே நேரத்தில் 12 வேலை வரிசைகளை ஓட்டும். கேமின் பிரதான திரெட் ஒன்று முழு வேகத்தில் திணறினாலும், மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம் மட்டுமே. ஆகவே மொத்தப் பாவனையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

கார்டுக்கு அவ்வளவு வேலை கொடுக்காத வலோரன்ற், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற கேம்களைப் போட்டுப் பாருங்கள், மாற்றம் தெரியும். 3600இல் 32 எம்பி எல்3 கேச் (புரொசெசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சேமிப்பிடம்) பதினாறு பதினாறாகப் பிரிந்து, மும்மூன்று கோர்களுக்குப் போகிறது. 5600இல் ஆறு கோரும் அந்த 32 எம்பியையும் ஒன்றாகப் பாவிக்கின்றன. அடிக்கடி நினைவகத்துக்கு (ராம்) ஓடுகிற கேம்களுக்கு இது பெரிய உதவி.

கேள்வி (பருத்தித்துறை வாசகர்): ஐ5-12400எஃப், ரைசன் 5 5600 இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலையில் கொட்டேஷன் வந்திருக்கிறது. எதை எடுக்கலாம்? கிகாஹேர்ட்ஸ் இரண்டிலும் 4.4 என்று போட்டிருக்கிறது.

பதில்: கேமில் இரண்டும் நெருங்கிய சோடி. கிகாஹேர்ட்ஸை விடுங்கள். ரைசன் 7 5700எக்ஸ் 4.6 வரை போகும், 5700எக்ஸ்3டி 4.1 மட்டும்தான். ஆனால் 96 எம்பி கேச் இருப்பதால் பெரும்பாலான கேம்களில் இரண்டாவதுதான் முந்தும்.

உங்கள் கொட்டேஷனில் மதர்போட்டையும் ராமையும் பாருங்கள், வித்தியாசம் அங்கேதான் வரும். 16 ஜிபி ஒரே ஸ்ரிக்காகப் போட்டிருந்தால் இரண்டு 8 ஜிபியாக மாற்றச் சொல்லுங்கள். ராமுக்கு நான்கு சொக்கற் உள்ள மதர்போட்டில் புரொசெசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பிறகு பயோஸில் (கணினி தொடங்கும்போது வரும் மதர்போட்டின் அமைப்பு) ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை இயக்குங்கள். இல்லாவிட்டால் 3200 என்று வாங்கிய ராம் 2400இலோ 2666இலோ ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மனேஜரில் வேகம் தெரியும். பழைய பி450 மதர்போட் தந்தால், பயோஸ் புதுப்பித்ததா என்று கேளுங்கள், இல்லையென்றால் 5600ஐப் போட்டதும் திரை இருட்டாகவே இருக்கும். இரண்டு புரொசெசரிலும் உள்ளக கிராபிக்ஸ் இல்லை. எச்டிஎம்ஐ வயரைக் கார்டில்தான் குத்த வேண்டும்.

இரண்டையும் நீங்களே ஒப்பிட முடிந்தால், ஒரே கார்டை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே டிரைவரில், கேமுக்குள்ளே இருக்கும் பெஞ்ச்மார்க் என்ற சோதனையை நான்கு தடவை ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், கார்ட் வரையப் பாவிக்கும் ஷேடர் என்ற சிறு நிரல்கள் அப்போதுதான் தயாராகும். ஆட்களோடு விளையாடும் மச் ஒன்றுபோல் இன்னொன்று வராது, ஒப்பிட உதவாது. பிரேமை அளக்கும் கேப்பிரேம்எக்ஸ் மென்பொருளில் சராசரியோடு 1 சதவீதக் கீழ் எண்ணையும் (மிக மெதுவாக வந்த 1 சதவீதப் பிரேம்களின் வேகம்) குறியுங்கள். 99 பிரேம் 8 மில்லிசெக்கனிலும் ஒன்று மட்டும் 50 மில்லிசெக்கனிலும் வந்தால் சராசரி 119 என்று அழகாகக் காட்டும். கைக்குத் தெரிவதோ அந்த ஒரு இழுப்புத்தான்.

கேள்வி (நல்லூர் வாசகி): கனடாவிலிருந்து மாமா லப்டொப் கொண்டுவருகிறார். ஒன்றில் ஐ7-1355யூ புரொசெசர், மற்றதில் ஐ5-12450எச். மகன் கேம் விளையாடுவான். எதைச் சொல்ல?

பதில்: ஐ5-12450எச். ஐ7 என்ற பெயரைவிடக் கடைசி எழுத்து முக்கியம். 'யூ' 15 வாட்டுக்கு அமைத்தது, அதில் வலுவான கோர் இரண்டுதான். 'எச்' 45 வாட், வலுவான கோர் நான்கு. தனிக் கிராபிக்ஸ் இருக்கிறதா என்பதை அதைவிடக் கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள். சார்ஜரில் 100-240 என்று இருந்தால் இங்கே பாவிக்கலாம், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும்.

கேள்வி (வேலணை வாசகர்): 5600தான். காலையில் நன்றாக ஓடுகிறது. மத்தியானம் இருபது நிமிடத்தில் இழுக்கத் தொடங்குகிறது.

பதில்: எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் வெப்பத்தையும் கிகாஹேர்ட்ஸையும் ஒன்றாகப் பாருங்கள். 90 பாகை செல்சியஸைத் தொட்டதும் 5600 தன் வேகத்தைத் தானே குறைக்கும். வெப்பம் 70இல் நிற்கும்போதே வேகம் விழுந்தால், மதர்போட்டின் மின்சாரப் பகுதி சூடாகியிருக்கலாம். பெட்டியின் பின் ஃபான் அந்தப் பக்கத்துக் காற்றை இழுக்கிறதா என்று பாருங்கள்.

சோளகம் அடிக்கிற மாதங்களில் ஹீற்சிங் (புரொசெசரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) புழுதியால் அடைத்துவிடும். ஃபான் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். புரொசெசருக்கும் ஹீற்சிங்குக்கும் இடையே சூட்டைக் கடத்தும் பேஸ்ற் மாற்றுவதென்றால், பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, மின் வயரைக் கழற்றியபின் நான்கு ஸ்குரூவையும் அகற்றுங்கள். ஹீற்சிங்கை நேரே மேலே இழுக்காதீர்கள். மெல்ல இடமும் வலமும் திருகி, இளகியதும் தூக்குங்கள். காய்ந்த பேஸ்ற் புரொசெசரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்தால் அடியில் உள்ள பின்கள் வளைந்துவிடும். புதிய பேஸ்ற் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும்.