ஃபாலோட் பை: எது முதலில்?

‘த மீட்டிங் வில் பி ஃபாலோட் பை லன்ச்’ என்று அழைப்பில் போட்டால் சாப்பாடு முதலிலா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, கூட்டம்தான் முதலில். ‘பை’யைப் பார்த்ததும் ‘ஆல்’ என்று மொழிபெயர்ப்பதால்தான் இந்தக் குழப்பம். ‘அதைத் தொடர்ந்து’ என்று படித்துப் பாருங்கள்: கூட்டம், அதைத் தொடர்ந்து சாப்பாடு. இடப்பக்கம் இருப்பது முன்னால் நடக்கும்.

ஆனால் ‘பை’ இல்லாமல் ‘லன்ச் ஃபாலோஸ் த மீட்டிங்’ என்று எழுதினால் கவனம்; அங்கே வலப்பக்கத்துக் கூட்டமே முதலில். பலர் வழுக்குவது இங்கேதான்.

‘ஃபாலோயிங் பை’ தவறு. ‘பை’க்குப் பின் ‘வி வில் ஈட்’ மாதிரி முழு வாக்கியமும் ஒட்டாது. ‘லன்ச்’, ‘எ டிஸ்கஷன்’ போன்ற பெயர்ச்சொல் வேண்டும். அழைப்பில் இடம் போதாவிட்டால் ‘வில் பி’யை விட்டுவிடலாம்: ‘மீட்டிங், ஃபாலோட் பை லன்ச்’.