கோவாலாவைக் கையில் தூக்கிப் பார்க்க ஆசை. பிரிஸ்பேனில் எங்கே போகலாம்?

பிரிஸ்பேன் என்றால் எல்லாரும் சொல்வது லோன் பைன் கோவாலா சரணாலயம்தான். ஆனால் தூக்குவதற்காகவே போகிறீர்கள் என்றால் ஏமாந்துபோவீர்கள். 2024 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் நின்று பார்க்கலாம், படம் எடுக்கலாம், அவ்வளவுதான். பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் வேறு சில பூங்காக்களில் இன்னும் தூக்கத் தருகிறார்கள். சிட்னி, மெல்பர்ன் பக்கம் கேட்கவே வேண்டாம், அங்கே சட்டப்படியே கூடாது.

நான் லோன் பைனுக்கு இரண்டு காலத்திலும் போயிருக்கிறேன். தூக்க விட்ட காலத்தில், மரம் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும் என்று சொல்லி, வயிற்றுக்கு முன்னால் கைகளைக் கோத்து வைக்கச் சொன்னார்கள். அதன்மேல் உட்கார வைத்தார்கள். ஐந்தாறு கிலோ இருக்கும். சட்டையைத் தாண்டி நகம் தோளில் பட்டது. தலையைத் திருப்பி என்னை ஒரு தடவை பார்த்தால்தானே! படம் எடுத்தார்கள், திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதைப் பொறுத்தவரை நான் உண்மையிலேயே மரம்தான்.

அடுத்த தடவை, ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிப் போனேன். கோவாலாக்கள் எல்லாம் கிளைக் கவட்டில் பின்புறத்தைச் செருகிக்கொண்டு தூங்கின. ஒரு நாளைக்கு 20 மணி நேரம்கூடத் தூங்கும். சோம்பேறித்தனம் இல்லை, யூகலிப்டஸ் இலையில் சத்து குறைவு, நஞ்சு வேறு. அதைச் செரிக்கவே உடம்புக்குச் சரியாக இருக்கிறது. "யாரையாவது எழுப்பிவிடச் சொல்லேன்" என்றார் அம்மா.

அந்த நேரம் பார்த்துப் புதுக் கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார்கள். ஊட்டித் தைல வாசனை. (ஊட்டிக்கு அந்த மரம் போனதே ஆஸ்திரேலியாவிலிருந்துதான்.) ஒரு கோவாலா மெல்ல இறங்கி வந்தது. ஒவ்வொரு முன்கையிலும் இரண்டு கட்டைவிரல். கிளையை அப்படியே கவ்விப் பிடித்தது. ஓர் இலையை மூக்கருகே இழுத்து மோந்தது, விட்டது. அடுத்தது, அதையும் விட்டது. நாலைந்துக்குப் பிறகுதான் ஒன்று பிடித்தது. சந்தையில் வெண்டைக்காயை முனை ஒடித்துப் பொறுக்குவாரே அம்மா, அதே முகம். அம்மா அங்கேயே முக்கால் மணி நேரம் நின்றார். எனக்கும் தூக்கிய நாளைவிட இதுதான் நிறைவாக இருந்தது.

இன்னொன்று. இந்தச் சரணாலயம் 1927இல் இரண்டே கோவாலாக்களோடு தொடங்கியது. அதே ஆண்டில்தான் குயின்ஸ்லாந்து அரசு வேட்டைக்கு அனுமதி கொடுத்து, ரோமத்தோலுக்காக 5 லட்சத்துக்கும் மேல் கொல்லப்பட்டன. 2022இல் இந்த மாநிலக் கோவாலாக்களை அழியும் ஆபத்திலுள்ளவை என்று அறிவித்துவிட்டார்கள்.

சரி, போனால் கிளை மாற்றும் நேரத்தை நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கங்காருவுக்குத் தீனி அப்புறம் வாங்கலாம், அது எங்கும் ஓடிவிடாது.