எடுக்காத மாதிரிக்கு ஒரு கையெழுத்து

அன்புள்ள அக்கா,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம். வேதியியல் முடித்துவிட்டு, தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சோதித்து அறிக்கை தரும் ஒரு தனியார் ஆய்வகத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஒரு தொழிற்சாலைக்குச் சனிக்கிழமைதோறும் போய் மாதிரி எடுத்துவர வேண்டும். சென்ற மாதம் வண்டி கிடைக்காததால் இரண்டு சனிக்கிழமை போகவில்லை. "போன மாச ரீடிங்கையே கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் போட்டுக் கையெழுத்து வை, எல்லா இடத்திலயும் நடக்கறதுதான்" என்கிறார் மேலாளர். மறுத்தால் ஒப்பந்தம் போய்விடும் என்கிறார். ஆய்வகத்தில் 14 பேர் இருக்கிறோம். தொழிற்சாலையில் 80 பேர் வேலை செய்கிறார்கள். என் வீட்டில் சம்பாதிப்பவன் நான் மட்டுமே.

அறவியல் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். விளைவு எதுவானாலும் பொய் கூடாது என்னும் தத்துவஞானி காண்ட் வழியில் பார்த்தால் கையெழுத்திடக் கூடாது. அதிகம் பேருக்கு அதிக நன்மை தருவதே சரி என்னும் மில் வழியில் பார்த்தால், 94 குடும்பங்களின் நன்மைக்காக இடலாம் என்று தோன்றுகிறது. வள்ளுவரே 'பொய்மையும் வாய்மை யிடத்த' என்கிறார். எந்தக் கோட்பாட்டைப் பின்பற்றுவது? இன்னொன்று. நம் பகுதியில் பிறந்தவர்களுக்கு அறம் பேசும் வசதி உண்டா? அது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு அல்லவா?

* * *

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது என்னைக் கோபப்படுத்தியது. நானும் திருவொற்றியூரில் பிறந்து அங்கேயே வாழ்பவள். அறம் என்பது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு என்று நம் ஊர்ப் பிள்ளைகளே சொல்லக் கேட்கும்போது, இதை நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. 1918 ஏப்ரலில் பெரம்பூர்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் கூடிச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, சாப்பிடுவதற்குத் தரும் இடைவேளை போதவில்லை என்பதும் அவர்களின் முக்கியக் குறைகளில் ஒன்றாக இருந்தது. அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு எந்திரத்துக்கு ஓடியவர்கள்தாம் எது நியாயம் என்று உட்கார்ந்து பேசி, பேசியதற்கு விலையும் கொடுத்தார்கள். வறுமை உங்கள் முடிவைக் கடினமாக்குகிறது, அதை நான் ஒருபோதும் மறுக்க மாட்டேன். ஆனால் முடிவெடுக்கும் உரிமையே நமக்கு இல்லை என்று நீங்கள் சொன்னால், அது உங்கள் அம்மாவையும் என் நைனாவையும் சேர்த்து அவமதிப்பதாகும். இனி அப்படி எழுதாதீர்கள்.

அடுத்தது குறள். மேடைகளிலும் வாட்ஸாப் செய்திகளிலும் அந்தக் குறளின் முதல் இரண்டு சொற்களை மட்டும் பிய்த்து எடுத்துப் பொய்க்கு உரிமம்போல நீட்டுவதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நீங்களும் அதையே செய்திருக்கிறீர்கள்.

பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த
நன்மை பயக்கும் எனின்.

இதன் உயிர் 'புரைதீர்ந்த' என்ற சொல்லில் இருக்கிறது. புரை என்றால் குற்றம். குற்றம் சிறிதும் கலவாத நன்மையைத் தருமானால் மட்டுமே பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறார் வள்ளுவர். அதற்கு முந்தைய குறளிலேயே, வாய்மை என்பது 'யாதொன்றும் தீமை இலாத சொலல்' என்று வரையறுத்துவிட்டார். யாதொன்றும் என்றால் யாருக்கும், எந்த அளவிலும் என்று பொருள். உங்கள் ஆய்வகத்துக்கு ஒப்பந்தம் நிலைக்கும், தொழிற்சாலைக்கு அறிக்கை கிடைக்கும் என்பதெல்லாம் நன்மையாகவே இருக்கட்டும். அந்த நீர் போய்ச் சேரும் இடத்தில் இறால் பிடிப்பவருக்கு என்ன கிடைக்கும்? இதைக் கேட்காமல் அந்தக் குறளைத் தொடுவதற்கு உங்களுக்கோ எனக்கோ அருகதை இல்லை.

மில்லை நீங்கள் அழைத்ததிலும் இதே குறை இருக்கிறது. 14-ஐயும் 80-ஐயும் கூட்டி 94 என்றீர்கள். எண்ணிக்கையில் ஒவ்வொருவரும் ஒருவராகக் கொள்ளப்பட வேண்டும், யாரும் ஒன்றுக்கு மேற்பட்டவராகக் கொள்ளப்படக் கூடாது என்பது தம் முன்னோடி பெந்தாமின் விதி என்று மில்லே எடுத்துச் சொல்கிறார். அப்படியானால் எண்ணூர் முகத்துவாரத்தில் வலை இழுப்பவர்களும், இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களும் உங்கள் கூட்டலில் ஏன் வரவில்லை? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு அங்கே எண்ணெய் படர்ந்தபோது, அந்த மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளியதை நாடே பார்த்தது. உங்கள் ஆய்வகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது எனக்குத் தெரியும். நம் பக்கத்து நீருக்கு ஏதாவது நேர்ந்தால் முதலில் அதில் இறங்கி நிற்பவர்கள் யார் என்பதற்காகச் சொல்கிறேன். மில்லின் பயன்பாட்டுவாதத்தைத் துணைக்கு அழைக்குமுன் கணக்கை முழுதாகப் போடுங்கள்.

காண்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நம் நண்பனைத் தேடி வாசலில் வந்து நிற்கும் கொலைகாரனிடமும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் அவர் எழுதியதை வைத்துக்கொண்டு கல்லூரிகளில் நடக்கும் விவாதத்தால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்கள் வாசலில் கொலைகாரன் யாரும் வந்து நிற்கவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவிடாமல் செய்தது, மேலாளர் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான். "எல்லா இடத்திலயும் நடக்கறதுதான்." சில வாரங்களாக நான் நைனாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகச் சுவரிலிருந்து அவருடைய சான்றிதழைக் கழற்றி வைத்திருந்தோம். இரண்டாம் வகுப்புக் கொதிகலன் இயக்குநர் என்று அவருக்குத் தரப்பட்ட சான்றிதழ் அது. வடிவுடையம்மன் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டி, வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சேர்த்துப் பூ வைப்பார்.

கொதிகலனில் நைனா அஞ்சியது நெருப்பைவிட நீர்மட்டத்தைத்தான். நீர் குழாய்களுக்குக் கீழே இறங்கிவிட்டால் குழாய்கள் காய்ந்து பழுக்கும். அது தெரியாமல் குளிர்ந்த நீரை உள்ளே விட்டால் கொதிகலனே வெடிக்கக்கூடும். அந்த மட்டத்தைக் காட்டுவது கேஜ் கிளாஸ் என்னும் செங்குத்தான ஒரு கண்ணாடிக் குழாய். அதில் உப்போ துருவோ அடைத்துக்கொண்டால், உள்ளே நீர் இறங்கிக்கொண்டிருந்தாலும் கண்ணாடியில் மட்டம் அசையாமல் நிற்கும். அதனால் பார்த்தால் மட்டும் போதாது. கீழ்த் திருகைத் திறந்து கண்ணாடியில் இருக்கும் நீரை முழுதும் வெளியே விட்டு, திருகை மூடியபின் நீர் மறுபடி சட்டென்று ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். நிற்கிற தண்ணியை நம்பாதே, இறக்கிவிட்டு ஏறுதான்னு பாரு என்பார். மணிக்கொரு முறை நீராவி அழுத்தம், நீர்மட்டம், உள்ளே போகும் நீரின் வெப்பம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, கண்ணாடியைச் சோதித்ததற்கு அடையாளமாகக் கடைசிக் கட்டத்தில் கையெழுத்திட வேண்டும்.

நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த புதிதில், மூன்று வாரமாக எழுதாமல் கிடந்த பதிவேடுகளை ஒரே மாலையில் உட்கார்ந்து நிரப்பி முடித்துவிட்டு வந்து, வீட்டில் அதைப் பெருமையாகச் சொன்னேன். நைனா அப்போது ஓய்வு பெற்றிருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, முப்பது ஆண்டுகளாக அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

ஓர் ஐப்பசி மாதம். அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டியவர் மழையில் வந்து சேராததால் இவரே தொடர்ந்து இரவு வேலையும் பார்த்திருக்கிறார். இரண்டரை மணிக்குக் கண் சொக்கியது. மூன்று, நான்கு, ஐந்து மணிகளுக்கான அளவுகளை அப்போதே எழுதி, மூன்று கையெழுத்தையும் போட்டுவிட்டு, சாக்கை விரித்து ஒரு மணிநேரம் படுத்துவிட்டார். எழுந்து பார்த்தால் எல்லாம் எழுதியபடியே இருந்தது.

"ஒண்ணும் ஆவல. ஆவலன்னுதான் அடுத்த வாரமும் எழுதினேன்" என்றார்.

பிறகு அது நான்கு மாதம் நடந்தது. தூக்கம் வராத இரவுகளிலும் முன்கூட்டியே எழுதத் தொடங்கிவிட்டார். ஒருநாள் காலை ஆறு மணிக்கு, பகல் ஷிப்டுக்கு வந்தவர் பதிவேட்டைப் புரட்டி இவருடைய கையெழுத்தைப் பார்த்துவிட்டு, திருகைத் தொடாமலே உட்கார்ந்து டீ குடித்தாராம். ஏன் கண்ணாடியைத் திறந்து பார்க்கவில்லை என்று நைனா கேட்டதற்கு, "உன் கையெழுத்து இருந்தா நான் என்னாத்துக்குத் திறக்கணும்?" என்றிருக்கிறார். நைனா ஒன்றும் சொல்லாமல் தாமே போய்த் திருகைத் திறந்து, நீர் இறங்கி மறுபடி ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அன்று நீர் ஒழுங்காகவே ஏறியது. விபத்து எதுவும் அன்றும் நடக்கவில்லை, அவர் வேலை பார்த்த காலம் முழுவதும் நடக்கவில்லை. ஆனாலும் அதைச் சொன்ன இரவில் அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

அந்த நடுக்கத்தை விளக்கத்தான் தம்பி, நான் பிற்பாடு அறவியல் நூல்களைத் தேடிப் படித்தேன். விளைவை மட்டும் பார்த்தால் அவர் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஆனால் தீங்கு நேராததே அவருக்கு அடுத்த பொய்க்கு அனுமதியாகிவிட்டது. அதைவிடக் கொடியது, நைனாவின் கையெழுத்து, அவரை நம்பிய ஒரு நேர்மையான மனிதரின் சோதனையையும் இல்லாமல் ஆக்கிவிட்டது. இரண்டு பேர் காவலிருந்த இடத்தில் ஒருவருமே இல்லாமல் போனார்கள், பதிவேட்டில் மட்டும் இருவரும் இருந்தார்கள். எல்லாருமே இப்படி எழுதினால் பதிவேடு என்ற ஒன்றுக்கே பொருளிருக்காது என்பதைக் காண்டிடமும் கற்கலாம், ஆனால் நான் நைனாவிடம் கற்றேன்.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73 நொடிகளில் சிதைந்து எழுவர் இறந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். உந்துகலனின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் முந்தைய பயணங்களிலேயே அரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் விண்ணோடம் பத்திரமாகத் திரும்பி வந்ததால், அரிப்பு என்பது பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று என்ற எண்ணம் ஊறிப்போனது. கடுங்குளிரில் வளையங்கள் இறுகிவிடும், ஏவ வேண்டாம் என்று உந்துகலனைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜோலியும் அவருடைய சக பொறியாளர்களும் முந்தைய இரவு மன்றாடினார்கள். அவர்கள் நிறுவனத்தின் மூத்த நிர்வாகி, பொறியியல் பிரிவின் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியைப் போட்டுக்கொள் என்றார். இதை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன், விதியிலிருந்து விலகுவது மெல்ல மெல்ல வழக்கமாகிப்போவதைத்தான் முதன்மையாகச் சுட்டுகிறார். "ஒண்ணும் ஆவல" என்று நைனா சொன்னதும் அதுதான். உங்கள் மேலாளர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் பல சனிக்கிழமைகளாக ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கும்.

உங்கள் தொழிலை உங்களுக்கே எடுத்துச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பி.ஓ.டி. அளவு வேண்டுமானால் சோதனைக் குப்பி 27 டிகிரியில் மூன்று நாள் இருட்டில் இருந்தாக வேண்டும். நீருக்குள் உள்ள உயிரிகள் அந்த மூன்று நாளில் எவ்வளவு உயிர்வளியை உண்கின்றன என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் அது லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற விதி, யாரோ குப்பியை உண்மையாகவே வைத்து எடுத்துப் பார்த்தார்கள் என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. நீங்கள் 22 என்று எழுதினால், உங்களுக்குப் பின்னால் அதைப் படிக்கும் அதிகாரி, தொழிற்சாலையின் சுத்திகரிப்பு நிலையத்தை இயக்குபவர், அடுத்த மாதம் உங்கள் இடத்துக்கு வரும் இன்னொரு பிள்ளை ஆகிய எல்லாரும் திருகைத் திறக்காமல் டீ குடிக்கப் போவார்கள்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் எழுத மாட்டேன். இன்னொருவர் வீட்டு அடுப்பை வைத்து வீரம் பேசுவது எனக்குப் பிடிக்காது. அந்த இரண்டு சனிக்கிழமைகளுக்கும் நேராக, வண்டி இல்லாததால் மாதிரி எடுக்கப்படவில்லை என்று எழுதி அதன் கீழே கையெழுத்திடுங்கள். மேலாளர் வேறு மாதிரி எழுதச் சொன்னால், அதை மின்னஞ்சலில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள். உங்களோடு இருக்கும் 13 பேரில் இதே உறுத்தலோடு இருப்பவர் ஒருவராவது இருப்பார், அவரைத் தேடிப் பேசுங்கள், தனியாகப் போய் நிற்காதீர்கள். இன்னொரு ஆய்வகத்தில் வேலைக்கு இன்றே விண்ணப்பம் போட்டு வையுங்கள். இத்தனையும் செய்தபிறகும் வேலை போகலாம். போகாது என்று சொல்லி உங்களை நான் ஏமாற்ற மாட்டேன்.

எந்தக் கோட்பாடு என்று கேட்டிருந்தீர்கள். அரிஸ்டாட்டிலின் நிக்கோமாக்கிய அறவியலில் இரண்டாம் பகுதியைப் படியுங்கள். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவர் கட்டடக்காரர் ஆகிறார், அதுபோல நியாயமானதைச் செய்துசெய்தே நியாயமானவர் ஆகிறார் என்று அங்கே சொல்கிறார். மற்றவற்றை நேரில் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், எங்கள் வீடு தேரடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெள்ளையடித்து முடிந்துவிட்டது. நைனாவின் சான்றிதழைப் பழைய ஆணியிலேயே மறுபடியும் மாட்டிவிட்டோம்.

அன்புடன்,
அக்கா