எல். டி. மீட் யார்? உண்மையிலேயே 280 புத்தகங்கள் எழுதினாரா?

ஆமாம், கிட்டத்தட்ட அவ்வளவு. சிலர் 300 என்றும் சொல்வார்கள். முழுப்பெயர் எலிசபெத் தாமசினா மீட். 1844-இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர், பிறகு லண்டன் போய் எழுத்தையே தொழிலாக்கிக்கொண்டார். 1886-இல் வந்த 'எ வேர்ல்ட் ஆஃப் கேர்ள்ஸ்' சக்கைப்போடு போட்டது. பெண்கள் பள்ளிக்கூடக் கதைகள் என்றொரு வகையே வேரூன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 'அடலாண்டா' என்ற பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார், நடுவில் கல்யாணம், பிள்ளைகள் வேறு!

ஆனால் எனக்குப் பிடித்தது அவருடைய குற்றக் கதைகள்தான். ஷெர்லாக் ஹோம்ஸ் வந்த அதே 'ஸ்ட்ராண்ட்' இதழில், மருத்துவ விவரங்களுக்காக ஒரு டாக்டரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு எழுதியவை. ராபர்ட் யூஸ்டஸ் என்ற புனைபெயரில் எழுதிய டாக்டரோடு சேர்ந்து உருவாக்கிய மேடம் சாரா, அழகு நிலையம் நடத்தும் கைதேர்ந்த குற்றவாளி. வில்லியை மையமாக வைத்துத் தொடர்கதை எழுத அந்தக் காலத்தில் துணிச்சல் வேண்டும்.

இவ்வளவு வேகமாக எழுதினால் எல்லாமே தேறுமா? தேறாது, நிறைய ஒரே அச்சில் வார்த்தவை. 1914-இல் இறந்ததும் மெல்ல மறக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். காப்புரிமை முடிந்துவிட்டதால் பல நூல்கள் குட்டன்பெர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசம். முதலில் மேடம் சாரா கதைகளைப் படியுங்கள், பள்ளிக் கதைகள் அப்புறம்.