தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கின் பழைய பதிவேடு தேடுவது குறித்து

வணக்கம். 1912இல் ஞானஸ்நானம் பெற்ற தங்கள் தாத்தா ராயப்பனின் பதிவு ஊர்ப் பங்குக் கோயிலில் இல்லை என்றும், பள்ளிக் கல்வெட்டின் ஆண்டும் பொருந்தவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இன்று தனிப் பங்காக உள்ள ஊர்கள் பல அக்காலத்தில் கிளைக் கிராமங்களாகவே இருந்தமையால், பதிவைத் தாய்ப் பங்கின் ஏட்டில்தான் தேட வேண்டும். சிவகங்கை மறைமாவட்டம் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், ஆளுகைப் பகுதி) 1987இல் உருவானது. அதற்கு முன் மதுரை, 1938க்கு முன் திருச்சிராப்பள்ளி. ஆகவே சிவகங்கை ஆயர் இல்லத்தோடு நின்றுவிடாதீர்கள். 1838இல் திரும்பி வந்த சேசு சபைத் துறவியரின் மதுரை மிஷன் ஆவணங்களுக்குக் கொடைக்கானல் அருகிலுள்ள செண்பகனூர்க் காப்பகத்தையும் அணுகலாம்.

ஏட்டைப் புரட்டும்போது 'ராயப்பன்' என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். இவை புனிதர் பெயர்களின் தமிழ் வடிவங்கள்; குருக்கள் இலத்தீனில் எழுதியிருந்தால் ராயப்பன் 'பேத்ருஸ்' ஆகியிருப்பார். சின்னப்பன் 'பவுலுஸ்', அருளப்பன் 'யோவான்னெஸ்'. நானும் அப்படி ஒரு பெயரைக் கண்முன் வைத்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறேன்.

பள்ளியைப் பொறுத்தவரை, கோயில் தாழ்வாரத்தில் உபதேசியார் (மறைக்கல்வி கற்பிப்பவர்) செபங்களும் எழுத்தும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய ஆண்டு வேறு, அரசு அங்கீகாரம் பெற்ற ஆண்டு வேறு, கட்டடம் எழும்பிய ஆண்டு வேறு. கல்வெட்டு பெரும்பாலும் கடைசியானதையே சொல்லும். மாணவர் சேர்க்கைப் பதிவேட்டின் முதல் பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள்.